டிஸ்சார்ஜ் புக்கை முதலில் திறந்து பாருங்கள்: முன்னாள் படைவீரர் பிள்ளைகளின் கல்வி உதவியில் நடக்கும் தவறுகள்

ஜூன் பிறந்தால் போதும், காங்கயத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே பணி முடிந்து வரும்போது ராணுவம் தரும் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ., பிள்ளையின் மார்க் ஷீட். நான் ஹவில்தாராக இருந்து வெளியே வந்தவன். என் மகளுக்கு விண்ணப்பித்தபோது நான் செய்த அதே தவறுகளை இன்று வருகிறவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஜெராக்ஸ் மறந்தது, போட்டோ மறந்தது எல்லாம் ஒரு நடையில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லோரும் ‘மிலிட்டரி’ என்று நினைப்பது

நம் ஊரில் சி.ஆர்.பி.எஃப்.காரரும் மிலிட்டரிதான், பி.எஸ்.எஃப்.காரரும் மிலிட்டரிதான். ஆனால் முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு தரும் பிரதமர் கல்வி உதவித்தொகை தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றில் இருந்து வந்தவர்களின் குடும்பத்துக்கு மட்டும். துணை ராணுவத்தினருக்கு உள்துறை அமைச்சகம் இதே பெயரில் தனியாக ஒன்று வைத்திருக்கிறது. அதற்குத் தேசிய கல்வி உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் தவறான இடத்தில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு திட்டங்களைக் குழப்பிக்கொள்வது

பிரதமர் உதவித்தொகை தொழிற்படிப்புகளுக்கானது: பி.இ., எம்.பி.பி.எஸ்., பி.எட்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. இப்படி. பெண் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய், பையனுக்கு 2,500. வருஷத்துக்கு நாடு முழுவதும் 5,500 பேருக்கு. பிளஸ் டூவில் 60 சதவீதமாவது இருக்க வேண்டும்; பி.எட்., எம்.பி.ஏ. என்றால் பட்டப்படிப்பில். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் டிப்ளமோ மார்க்கைப் பார்ப்பார்கள்.

நம் பக்கம் பாதிப் பெண் பிள்ளைகள் பி.காம்., பி.எஸ்சி. கணிதம் என்று போகிறார்கள். அவற்றுக்கு இது கிடையாது. “அப்படியானா ஒண்ணும் இல்லீங்களா?” என்று எழுந்து போய்விடுகிறார்கள். இருக்கிறது. ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு பேருக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை, அதே போர்டு வழியாகக் கல்வி மானியம் உண்டு. மாதம் 1,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் முதல் 2,000 ஆக்கியிருக்கிறார்கள். ஹவில்தாருக்கு மேற்பட்ட சுபேதார்களுக்கு இந்த மானியம் இல்லை. ஆனால் அவர்கள் பிள்ளைகள் பிரதமர் உதவித்தொகைக்குப் போடலாம்.

முதல் வருஷத்தை விடுவது

பிரதமர் உதவித்தொகைக்குப் படிப்பில் சேர்ந்த வருஷமே போட வேண்டும். விட்டால் போனதுதான். முதல் வருஷத்தில் சேர்ந்தவர் இரண்டாம் ஆண்டில் புதிதாக விண்ணப்பிக்க முடியாது.

ராணுவ ரெகார்டில் உள்ள பெயரும் தேதியும்

இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

1998-ல் நான் வடக்கே பணியில் இருந்தேன். மகள் பிறந்த சேதியை அப்பா கடிதத்தில் எழுதியிருந்தார்: “ஆவணி ரெண்டாவது வெள்ளிக்கெழம பொண்ணு பொறந்திருக்குது. அப்பத்தா பேரையே வெச்சிருக்குது.” சந்தோஷத்தில் ஓடிப்போய் யூனிட் கிளார்க்கிடம் சொன்னேன். ஆவணி என்றதும் என் மனசில் ஆகஸ்ட் என்றே பட்டது. காலண்டரைப் பார்த்து ஆகஸ்ட் இரண்டாவது வெள்ளி, 14-ம் தேதி என்று எழுதச் சொன்னேன். ஆவணி பிறப்பதே ஆகஸ்ட் பாதிக்கு மேல்தான். ஆவணியின் இரண்டாவது வெள்ளி 28-ம் தேதி. பேரூராட்சியில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் 28 என்று சரியாக இருந்தது. பெயரும் அப்படித்தான். ரெகார்டில் அப்பத்தா பெயர், பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் வைத்த புதுப் பெயர். இதே விவரங்கள் ஏறிய டிஸ்சார்ஜ் புக் கைக்கு வந்தபோது பென்ஷன் தொகையை மட்டும் பார்த்துவிட்டு பீரோவில் வைத்தேன்.

2016-ல் மகள் பி.இ. சேர்ந்தாள். விண்ணப்பம் போட்டோம். சரிபார்ப்பில் திரும்பி வந்துவிட்டது. “ரெகார்டுல இருக்கற பொண்ணும் இந்தப் பொண்ணும் ஒண்ணுன்னு எப்படிங்க நம்பறது?” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் வெலிங்டன் ரெகார்டு ஆபீஸுக்கு எழுதினேன். அஃபிடவிட் சரியில்லை என்று திருப்பினார்கள். மறுபடி நோட்டரி, மறுபடி தபால். பொறுக்க முடியாமல் மேட்டுப்பாளையம் பஸ் பிடித்து நேரிலேயே மலையேறிப் போனேன். கடைசியில், ரெகார்டில் திருத்தம் ஏறியதற்கான ராணுவ உத்தரவு, பார்ட் டூ ஆர்டர் என்பார்கள், அது வந்தது. அதற்குள் கடைசித் தேதி முடிந்திருந்தது. அடுத்த வருஷம் அவள் இரண்டாம் ஆண்டு. அன்றைக்குப் பெண் பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாய். நான்கு வருஷக் கணக்கு 1,08,000. கறவை மாட்டை விற்றுத்தான் அந்த வருஷ ஹாஸ்டல் பணம் கட்டினேன்.

இப்போது வருகிற பத்துப் பேரில் நாலைந்து பேருக்காவது இந்தச் சிக்கல் இருக்கிறது. “இனிஷியல்தானுங்க மாறியிருக்குது, பரவால்லீங்களா அண்ணா?” என்பார்கள். பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராணுவப் படிவத்தில் இனிஷியலை விரித்துப் பெயருக்குப் பின்னால் எழுதியிருப்பார்கள், ஆதாரில் முன்னால் இருக்கும், பள்ளியில் ஓர் எழுத்து கூடியிருக்கும். பணி முடிந்து வந்த பிறகு பிறந்த பிள்ளை என்றால் பெயரே ரெகார்டில் இருக்காது. அதையும் நாமே எழுதிப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

பிள்ளை பத்தாம் வகுப்புப் போகும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார், டிஸ்சார்ஜ் புக் நான்கையும் ஒரே மேசையில் விரித்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மாறியிருந்தால், அஃபிடவிட்டின் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் நோட்டரியிடம் போங்கள். நான் முதலில் நோட்டரியிடம் போனேன். அவர் வழக்கமாக அடிக்கும் வாசகத்தையே அடித்துக் கொடுத்தார். அதனால்தான் திரும்பி வந்தது. விண்ணப்பம் அந்த அலுவலகம் வழியாக ரெகார்டு ஆபீஸுக்குப் போகட்டும். பார்ட் டூ ஆர்டரின் நகல் கைக்கு வரும்வரை வேலை முடியவில்லை.

கவுன்சலிங்கில் குறிக்க மறப்பது

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் உண்டு. பதிவு செய்யும்போதே அந்தப் பிரிவைக் குறிக்க வேண்டும். நல அலுவலகச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர் தம்பி கேட்கவில்லை என்று அப்புறம் சொல்லிப் பயனில்லை.

அமராவதிநகர்

உடுமலைக்குப் பக்கத்தில் 1962-லிருந்து சைனிக் பள்ளி இருக்கிறது. படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. ஆறாம் வகுப்பில் சேர மார்ச் 31 அன்று 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். பிள்ளை ஐந்தாவது படிக்கும்போதே நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இப்போது பெண் பிள்ளைகளும் சேரலாம்.

அரியர்

வருஷா வருஷம் 50 சதவீதத்துக்குக் குறையாமல் தேறினால்தான் பிரதமர் உதவித்தொகை தொடரும். பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேட்கத் தயங்குவது

போரில் உயிர் விட்டவர்கள், காணாமல் போனவர்கள், ஊனமுற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கான கல்விச் சலுகை வேறு. 1971 போருக்குப் பிறகு வந்த திட்டம் அது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் சேர்ந்தவை. இடையில் மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள், 2018-ல் அதை எடுத்தும் விட்டார்கள்.

போன வாரம் சென்னிமலைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் எல்லையில் போனவர். இரண்டு வருஷமாகத் தறி ஓட்டி மகனுக்கு ஃபீஸ் கட்டியிருக்கிறார். “கேட்டா என்ன நெனைப்பாங்களோன்னு இருந்துட்டேனுங்க” என்றார். ரசீதுகளை ஒன்றுவிடாமல் தேதி வாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார். திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு நல அலுவலகம் போகிறேன்.