கொடிமலை ஏறிப் பழகிய கால்கள் பனிக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து ஜப்பானின் சப்போரோவுக்கு நேரடி விமானம் வந்த பிறகு, நம் மலையேறும் நண்பர்கள் பலருக்கு அந்த ஊர் இருக்கும் ஹொக்கைடோ தீவின் பனிமேல் ஆசை வந்துவிட்டது. நல்ல ஆசைதான். பினாங்கில் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு வாராவாரம் ஏறி இறங்குகிறவர்களுக்குப் பனியில் நடக்க மூச்சும் தொடையும் தாங்கும். வெக்கையான, ஈரமான காட்டில் பழகியதை அப்படியே அங்கே கொண்டுபோகும்போதுதான் சிக்கல் வருகிறது.

அதிகம் பேர் செய்யும் தவறு, பனியில் நடக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் அகலமான சட்டமான ஸ்னோஷூவைச் சப்பாத்து சைஸைப் பார்த்து எடுப்பது. ஸ்னோஷூவின் வேலை உங்கள் பாரத்தைப் பரப்பி, கால் புதையாமல் தாங்குவது. அதனால் கிலோ கணக்குத்தான் முக்கியம்: உடல் எடை, குளிர் உடை, முதுகுப்பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து. 75 கிலோ ஆள் 10 கிலோ பையை மாட்டினால் 85; உடையையும் பூட்ஸையும் சேர்த்தால் அதற்கும் மேல். பொதுவாக 22 அங்குல நீளம் ஏறத்தாழ 80 கிலோ வரை தாங்கும். 25 அங்குலம் 100 கிலோவை ஒட்டியவர்களுக்கு, 30 அங்குலம் அதற்கும் மேல். நிறுவனத்துக்கு நிறுவனம் இது கொஞ்சம் மாறும், அட்டவணையைப் பாருங்கள்.

பனியின் தன்மையும் கணக்கில் வரவேண்டும். நடந்து நடந்து இறுகிய பாதையில் சின்ன அளவே போதும். ஹொக்கைடோவில் புதிதாக விழும் பனியோ அரிசி மாவு மாதிரி. கையில் பிடித்தால் உருண்டையாகாமல் உதிரும். அதில் ஒரு அளவு பெரியது எடுத்தால்தான் முழங்கால் வரை இறங்காமல் நடக்கலாம். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பெரியதை வாங்காதீர்கள். குள்ளமானவர்கள் 30 அங்குலத்தை மாட்டிக்கொண்டு மரங்களுக்கிடையில் நடந்தால், ஒரு காலை இன்னொரு கால் மிதித்து விழ வேண்டியதுதான்.

அப்புறம், எந்த நிலத்துக்கு எந்த வகை என்பது. குழாய்ச் சட்டத்தில் துணி போன்ற தளம் இழுத்துக் கட்டியவை சமவெளிக்கும் மெல்லிய மேடுகளுக்கும் ஏற்றவை. மலைச்சரிவில் குறுக்கே நடக்கும்போது அவற்றின் உருண்டையான ஓரம் வழுக்கும். சரிவுக்குப் போகிறவர்கள், சட்டத்தின் ஓரமே பல் பல்லாக இருக்கும் வகையைக் கேளுங்கள். குதிகாலுக்குக் கீழே தூக்கி நிறுத்தும் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். செங்குத்தான ஏற்றத்தில் அதை நிமிர்த்திவிட்டால் கெண்டைக்கால் பிழைக்கும். சமதளம் வந்ததும் மடக்க மறக்கக்கூடாது.

காலில் என்ன போடுவது? நம் ஊர்க் காட்டுக்கு ‘அடிடாஸ் கம்போங்’ ரப்பர் சப்பாத்தை மிஞ்சியது கிடையாது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் போட்டு நடந்தது, சேற்றில் நல்ல பிடி. பனிக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது. குளிரைத் தடுக்க அதில் எதுவும் இல்லை, விரல் மரத்துவிடும். கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத பூட்ஸ், கம்பளிக் காலுறை, பனி உள்ளே விழாமல் தடுக்கும் கெய்ட்டர் வேண்டும்.

வியர்வை விஷயத்தை நம்மவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய கவலை. இங்கே பருத்திச் சட்டை நனைந்தால் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். அங்கே நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நின்ற ஐந்தாவது நிமிடம் நடுக்கம் வரும். புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். வியர்க்கத் தொடங்குமுன் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள், நிற்கும்போது உடனே போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ போதும், பருத்தி வேண்டாம்.

நடையில் ஒரு விஷயம்: பின்னால் காலெடுத்து வைக்காதீர்கள். வால் பகுதி பனியில் குத்தி, மல்லாக்க விழுவீர்கள். திரும்ப வேண்டுமானால் சின்ன வட்டமாகச் சுற்றி வாருங்கள்.

இதையெல்லாம் விட ஆபத்தான தவறு, பாதையை நம்புவது. நம் காட்டில் ரிப்பன் கட்டிய வழியே போனால் ஊர் வந்துவிடும். பனியில் கோடைக்காலப் பாதை புதைந்திருக்கும். அது பனிச்சரிவு விழும் இடத்தைக் கடந்தும் போகலாம். 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புகின்றன. அந்தச் சரிவின்மேல் ஏறினால் மட்டுமல்ல, அடியில் நின்றாலும் ஆபத்துதான். பனி கொட்டித் தீர்த்த மறுநாள், வெயில் அடித்து அழகாக இருக்கும் அதே நாள், மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது. காலடியில் ‘வூம்ப்’ என்று அமுங்கும் சத்தமோ, முன்னால் ஓடும் விரிசலோ கண்டால், ஏறாமல் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பனியில் புதைந்தவரைத் தேடி எடுக்க உதவும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வாரி மூன்றும் பயிற்சி இல்லாதவர் கையில் பயன்படாது. முதல் பயணத்தில் உள்ளூர் வழிகாட்டியுடன், தட்டையான காட்டில் நடப்பதே சரி.

நேரத்தையும் பாருங்கள். இங்கே ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பர் சப்போரோவில் நான்கு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். குளிரில் கைப்பேசி பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே பூட்ஸையும் கையுறையையும் போட்டுக்கொண்டு பட்டையை மாட்டிப் பாருங்கள். கையுறையோடு இறுக்கவும் அவிழ்க்கவும் முடியாவிட்டால் வேறு ஜோடி கேளுங்கள்.