அம்மாவின் சேலையில் கத்தரி வைப்பதற்கு முன்னால்

அம்மா போன பிறகு அவருடைய சேலைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பீரோவை அப்படியே பூட்டி வைத்திருக்கும் வீடுகள் நிறைய. யாருக்கும் தூக்கிக் கொடுக்க மனம் வராது. எடுத்துக் கட்டவும் முடியாது. அப்புறம் ஒரு நாள் யாராவது சொல்வார்கள்: "எல்லாத்தையும் சேர்த்து ஒரு போர்வையா தெச்சிடேன்." நல்ல யோசனைதான். குவில்ட் என்று இப்போது கடைகளில் விற்கிற ஒட்டுப்போர்வையை நம் வீட்டுத் துணியிலேயே தைப்பது. பல வருடங்களாக நான் செய்துவருகிற வேலையும் இதுதான்; எனக்காகவும், துணி மூட்டையோடு வருகிறவர்களுக்காகவும். ஆனால் ஒருமுறை கத்தரி பட்ட சேலை மறுபடி சேலையாகாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளிருக்குப் போர்வை வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும். இந்தப் போர்வை வேறு. யாருடைய துணி, யாருடைய கை என்ற இரண்டும் அதில் தெரிய வேண்டும். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றை அழித்துவிடுகிறவை.

முதல் தவறு கத்தரி எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கறை பட்ட இடம், வெளுத்த இடம், இழை நைந்த இடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, புதிது போல இருக்கும் பாகத்தை மட்டும் எடுப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் புதிது போல இருக்கிறது என்றால் அது அதிகம் உழைக்காத பாகம் என்று அர்த்தம். இடுப்பில் முதலில் செருகும் ஒரு முழம் வெயிலையே பார்த்திருக்காது. அதை மட்டும் வைத்துத் தைத்தால் கடைக்காரர் விற்ற துணி மிஞ்சும். அம்மா கட்டிய சேலை மிஞ்சாது. கை துடைத்துத் துடைத்து மஞ்சளேறிய முந்தானை ஓரத்தைத்தான் நான் முதலில் எடுத்து வைப்பேன்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைக்கிறார்கள். 2002-இல் அந்தப் போர்வைகள் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறின. 2006-இல் அவற்றை வைத்து அமெரிக்கத் தபால் துறை பத்து அஞ்சல்தலைகள் வெளியிட்டது. அந்த ஊரைச் சேர்ந்த மிசோரி பெட்வே, கணவர் இறந்த பிறகு, 1942-இல், அவர் வேலைக்குப் போட்டுப்போன உடுப்புகளை எடுத்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அவருடைய அன்பைப் போர்த்திக்கொண்டு படுக்கவும்தான் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஊரின் பழைய போர்வைகளில் முட்டி தேய்ந்து வெளுத்த காற்சட்டைத் துணி அப்படியே இருக்கும். பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலச் சதுரமாக நிற்கும். பாக்கெட் இல்லை, ஆனால் அது இருந்த இடம் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வடிவம் வேண்டும்?

தேய்ந்த துணி வேறு, செத்த துணி வேறு. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. காலை வெயில் வரும் ஜன்னலில் சேலையைத் தூக்கிப் பிடியுங்கள். இடுப்பு உரசிய இடமும் கொசுவத்தின் அடியில் குதிகால் பட்ட இடமும் சல்லடை மாதிரி வெளிச்சம் விடும். அங்கே இரண்டு கட்டைவிரலாலும் துணியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை விலகி மறுபடி கூடினால் அதில் உயிர் இருக்கிறது. 'சர்' என்று விட்டுக்கொடுத்தால் தனியாகத் தாங்காது. பின்னால் ஒரு மல் துணித் துண்டை வைத்து இரண்டையும் ஒரே துணியாக நினைத்துத் தைக்க வேண்டும். இதோடு சேலையின் அடியில் தைத்த ஃபால்ஸையும் பிரித்துவிடுங்கள். அது பெரும்பாலும் வேறு ரகத் துணி. சேலை ஒரு பக்கம் போனால் அது ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்தது சாயம். நான் தைத்த இரண்டாவது போர்வையில் சிவப்புச் சுங்குடிக்கு நடுவே என் அப்பாவின் வெள்ளை வேட்டியை வைத்தேன். முதல் சலவையிலேயே வேட்டி முழுக்க ரோஸ் திட்டாகிவிட்டது. அந்த வேட்டியில் எனக்கு மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். இன்றைக்கு நினைத்தாலும் மனது வலிக்கும். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஊறவைத்தேன். சாயப்பட்டறையில், சாயத்தைத் துணிக்குள் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏறாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் சாயத்தை அப்புறம் நாம் போடும் உப்பு பிடித்து வைக்காது. அது வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு துணியிலும் ஒரு சிறு துண்டு வெட்டி, வெந்நீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால், தெளியும்வரை அந்தத் துணியைத் தனியாக அலசுங்கள். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சொன்னவர்களுக்குப் போர்வை தைக்கவும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இடையில் புதுத்துணி சேர்ப்பதாக இருந்தால் அதையும் முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பழைய சேலை சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது. புதுப் பருத்தி அப்படியில்லை. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் சலவையில் புதுத்துணி சுருங்கி, பக்கத்திலிருக்கும் நைந்த சேலையைக் கிழித்துவிடும்.

பருத்தி, பட்டு, சிந்தெடிக் மூன்றையும் கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தினமும் போர்த்தி அடிக்கடி துவைக்கப் போகிற போர்வை என்றால் பட்டு வேண்டாம் என்பேன். பழம்பட்டு மடிப்பிலேயே விண்டுபோகும், ஜரிகை இழை பக்கத்துத் துணியை அறுக்கும். பட்டுக்கரையை எடுத்துச் சுவரில் மாட்டுகிற மாதிரி சின்னதாக ஒன்று தையுங்கள், அதுதான் அதற்கு மரியாதை. ஆனால் சிந்தெடிக் விஷயத்தில் நான் வேறு மாதிரி. "பருத்தி மட்டும்தான் குவில்ட்டுக்குச் சரி" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க நைலெக்ஸ் சேலை கட்டி வேலைக்குப் போன அம்மாவுக்குப் பருத்தியில் போர்வை தைத்தால் அது யாருடைய போர்வை? நைலெக்ஸையே வையுங்கள். வழுக்கும், அதனால் அடியில் பருத்தித்துணி கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இஸ்திரியைக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு துணி போட்டுத் தேயுங்கள். 1987 அக்டோபரில் எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக வாஷிங்டன் புல்வெளியில் விரித்த நினைவுப் போர்வையில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, கிட்டத்தட்ட ஒரு ஆளைப் புதைக்கும் அளவு. இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கும் அந்தப் போர்வையில் தோல், ஜீன்ஸ், பொம்மை எல்லாம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். இறந்தவர் எதோடு வாழ்ந்தாரோ அது.

திருப்பூர் பனியன் வெட்டுத்துணிக்கும் நைலெக்ஸுக்குச் சொன்ன அதே கதைதான். இழுபடும், அதனால் பின்னால் இழுபடாத துணி ஒன்று வேண்டும்.

இப்போது வடிவத்துக்கு வருவோம். செல்போனில் பார்த்த அமெரிக்க நட்சத்திர வடிவத்தை அப்படியே எடுத்து, அதற்கேற்ற அளவில் சேலையை நறுக்குகிறார்கள். இரண்டு அங்குலச் சதுரமாக நறுக்கினால் செட்டிநாட்டுக் கண்டாங்கியின் கட்டம் எங்கே போகும்? அகலக் கரை எங்கே போகும்? துணி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் வெட்ட வேண்டும். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டோர ஊர்களில் சித்தி என்னும் மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவண்டி என்று பெயர். காகிதத்தில் வரைவதில்லை, டேப் பிடிப்பதில்லை. பழைய சேலை ஒன்றை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டு நடுவுக்கு வருகிறார்கள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்பதைக் கையும் கண்ணும் அப்போதுதான் முடிவு செய்யும். கடைசியில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். பூ இல்லாத கவண்டி அவர்கள் கண்ணுக்கு உடுப்பில்லாத உடம்பு மாதிரி.

அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டது யாரிடம் என்றும் சொல்லுங்கள். ஆனால் நாம் தைத்ததைக் கவண்டி என்று பெயர் போட்டு விற்பது சரியில்லை. அந்தப் பெயர் அவர்கள் பிழைப்பும் கூட.

கவண்டி ஓரத்திலிருந்து உள்ளே வருகிறதே என்று, அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வையையும் ஓரத்திலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. கவண்டியில் ஒரு துண்டு வைக்கும்போதே அதை நீவித் தைத்துவிடுகிறார்கள், சேர்ந்து புடைக்க எதுவும் இல்லை. நாமோ மூன்று நான்கு சேலையை முழுசாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறோம். ஓரத்தை முதலில் கட்டிவிட்டால் தளர்ந்த துணியெல்லாம் நடுவில் கூடிப் புடைத்துக்கொள்ளும். தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளியே கையால் நீவிக்கொண்டே, ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய தையலாக முதலில் பிடித்து வையுங்கள். இந்த வேலைக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போகும், முட்டி வலிக்கும். போகட்டும். தைத்து முடித்த பிறகு பிரித்துவிடப் போகிற இந்தத் தையலில்தான் போர்வையின் பாதி விதி இருக்கிறது. நான்கு அடுக்குக்கு மேலும் போகாதீர்கள். ஊசி இறங்காது, ஐப்பசி மழையில் துவைத்தால் நாலு நாளைக்குக் காயாது, பூஞ்சை பிடிக்கும்.

தையலை எடுத்துக்கொண்டால், எல்லாரும் பயப்படுவது சுருக்கத்துக்கு. ஓட்டுத் தையல் போட்டால் துணி லேசாக அலையடிக்கும். அதைப் பார்த்ததும் பிரித்துவிட்டு மிஷினில் நேர்கோடாக ஓட்டிவிடுகிறார்கள். வங்காளத்துக் காந்தாவை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் இந்தப் பயம் போய்விடும். பழைய சேலைகளை அடுக்கி, பழைய சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் தைத்தவை அவை. அந்த அலைதான் அதன் அழகே. நம்முடைய 'கந்தை'யும் அந்தக் 'காந்தா'வும் ஒரே குடும்பத்துச் சொற்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், கிழிந்த பழந்துணி. தவிர்க்க வேண்டியது அலையை அல்ல, இறுக்கத்தை. ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை துணியை விரலால் நீவி நூலுக்குத் தளர்வு கொடுங்கள். நூலை ஒரு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள். சிக்கும், உரசி நைந்தும் போகும். தையல் ஓரிடத்தில் சிறிதாகவும் ஓரிடத்தில் பெரிதாகவும் போனால் விடுங்கள். ராத்திரி கண் அசந்தபோது போட்ட தையல் எது என்று பத்து வருடம் கழித்தும் உங்களுக்குத் தெரியும்.

கேட்ட கதையையெல்லாம் போர்வையோடு சேர்த்துச் சொல்வதும் ஒரு தவறு. அமெரிக்காவில் தப்பியோடிய அடிமைகளுக்கு வழி காட்ட ரகசியக் குறியோடு போர்வைகளை வெளியே தொங்கவிட்டார்கள் என்று ஒரு கதை நம் பக்கத்திலும் சுற்றுகிறது. 1999-இல் வெளிவந்த ஒரு புத்தகத்தால் பரவியது. தப்பி வந்தவர்கள் சொல்லிப் பதிவான வரலாறுகளில் இதற்குச் சான்றில்லை என்று வரலாற்றாளர்கள் மறுத்துவிட்டார்கள். உண்மைக் கதையே அதைவிடக் கனமானது. 1837-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், பைபிள் கதைகளைப் பதினொரு கட்டங்களில் துணியை வெட்டி ஒட்டித் தைத்தார். 1886-இல் அதே மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்துவிட்டார். பின்னால் கஷ்டம் வந்தபோது பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் கதை சொன்னார், வாங்கியவர் எழுதி வைத்துக்கொண்டார். அதற்கப்புறமும் பவர்ஸ் தன் போர்வையைப் பார்ப்பதற்காகவே அந்த வீட்டுக்குப் பல தடவை போய் வந்திருக்கிறார். இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எந்தக் கட்டம் எந்தக் கதை என்று நமக்குத் தெரிவது, அன்றைக்கு ஒருவர் எழுதி வைத்ததால்தான்.

அதனால் போர்வையை முடித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். பின்பக்க மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத்துணி ஒன்று வைத்துத் தைத்து, அதில் எழுதுங்கள். பேனா சலவையில் போய்விடும்; பென்சிலால் எழுதி அதன் மேலேயே பின் தையல் போடுங்கள். யாருடைய சேலை, எப்போது எடுத்தது, யார் தைத்தது, எந்த வருடம். இடமிருந்தால் எந்தத் துண்டு எந்த நாளில் கட்டியது என்பதையும்.

என் அப்பத்தா தைத்த விரிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. நானும் என் தம்பியும் கைக்குழந்தையாக அதில்தான் கிடந்தோம். பச்சைக் கட்டம் அத்தையின் பாவாடை, காவி அப்பத்தாவின் சின்னாளப்பட்டிச் சேலை என்று அம்மா இருந்தபோது சொல்லியிருக்கிறார். நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துண்டு இருக்கிறது. மற்றதைவிட மெல்லிய துணி, அதைச் சுற்றி மட்டும் இரட்டைத் தையல். அது யாருடையது என்று அத்தையிடம் கேட்டேன், பெரியம்மாவிடம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.