டூ போஸ்ட் லிஃப்ட்: வாங்குறப்பவும் வண்டி ஏத்துறப்பவும் பண்ணக்கூடாத தப்புங்க

டூ போஸ்ட் லிஃப்ட்னா ஒர்க்ஷாப்ல ரெண்டு தூணுல (போஸ்ட்) இருக்குற நாலு கையால (ஆர்ம்) வண்டிய அடியில புடிச்சு மேல தூக்குற மெஷின். இத வாங்கப் போறவங்க முதல்ல கேக்குறது "எத்தன டன் தூக்கும்?" கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா நெறைய பேரு அதோட நிறுத்திடுறாங்க. ஸ்டிக்கர்ல 4 டன்னு போட்டிருந்தா அது நாலு ஆர்மும் சேந்து தூக்குற கணக்கு, ஒரு ஆர்முக்கு 1 டன்தான். இப்ப 3,200 கிலோ வண்டி ஒன்னு வருதுன்னு வைங்க, முன்னாடி கனமான டீசல் எஞ்சின், எடையில 65 சதவீதம் முன்பக்க ரெண்டு ஆர்ம்ல உக்காருதுன்னா 2,080 கிலோ, ஒவ்வொரு ஆர்முக்கும் 1,040. மொத்தமா பாத்தா இன்னும் 800 கிலோ மிச்சம் இருக்குற மாதிரி தெரியும், ஆனா முன்னாடி ரெண்டு ஆர்மும் அதுக்குள்ள லிமிட்ட தாண்டிடுச்சு. அதனால கடைக்கு வர்றதுலயே கனமான வண்டிய எடுத்துக்கிட்டு, அதுல வழக்கமா இருக்குற சாமான், டூல் பாக்ஸ், தண்ணி டேங்க் எல்லாத்தையும் சேத்து, எந்தப் பக்கம் எவ்வளவு எடைன்னு பாத்துட்டு அப்புறம் லிஃப்ட் சைஸ முடிவு பண்ணுங்க.

அதுக்காக கண்ண மூடிக்கிட்டு இருக்கறதுலயே பெரிசா வாங்குறதும் தப்புதான். ஹெவி டியூட்டி லிஃப்டோட ஆர்ம் தடிமனா இருக்கும், ஆர்ம் நுனியில வண்டிய தாங்குற பேட் முழுசா இறங்கி இருக்கறப்பவே உயரம் ஜாஸ்தி, தாழ்வா நிக்கிற காருக்கு அடியில நுழையாது. ஆர்ம் எவ்வளவு நீளும், எவ்வளவு சுருங்கும், பேட்டோட குறைஞ்ச உயரம் என்ன, இந்த மூணையும் டன்னோட சேத்தே கேளுங்க. லாரி, பஸ் மாதிரி வண்டிக்கு இந்த டைப்பே சரி வராது, அதுக்கு சக்கரத்த புடிச்சு தூக்குற மொபைல் காலம் லிஃப்ட் (நகர்த்தி வைக்கிற தூண் லிஃப்ட்) தனியா இருக்கு. ஸ்டிக்கர்ல யாரு வேணா எந்த நம்பரும் எழுதலாம், அதனால வட அமெரிக்காவோட ஏஎல்ஐ (ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட்) சர்டிஃபிகேஷனோ வண்டி லிஃப்டுக்கான ஐரோப்பிய பாதுகாப்பு தரம் ஈஎன் 1493-ஓ இருக்கான்னு பேப்பர காட்டச் சொல்லுங்க.

அடுத்தது தரை. என்னக் கேட்டா லிஃப்டோட பாதி தரைதான், ஆனா இதுல கை வைக்கத்தான் யாருக்கும் மனசு வராது. ரெண்டு போஸ்ட்டும் அடியில இருக்குற ஆங்கர் போல்ட்ட நம்பித்தான் நிக்குது, வண்டிய தூக்குனதும் ஆர்ம் ரெண்டு போஸ்ட்டையும் உள்பக்கமா சாய்க்கப் பாக்கும், அந்த இழுப்பு மொத்தமும் போல்ட் வழியா கான்கிரீட்டுக்குத்தான் போகுது. சாதாரண லிஃப்டுக்கே பொதுவா 4 இன்ச் கனமும் 3,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர இன்ச் தாங்குற அழுத்தம், பவுண்டுல) பலமும் கேப்பாங்க, பெருசுக்கு 6 இன்ச், அதுக்கு மேலயும் போகும், உங்க மாடலுக்கு என்னன்னு மேனுவல்ல போட்டிருக்கும். மேல ஒட்டுன டைல்ஸ், பூச்சு எல்லாம் இந்தக் கனத்துல சேராது. "பழைய ஃப்ளோர், நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றத நம்பி எறங்காதீங்க, ஒரு ஓட்டை போட்டு ஆழத்த அளந்து பாருங்க. புதுசா போட்டதுன்னா 28 நாள் விடுங்க. வெடிப்புக்கும் ஜாயிண்டுக்கும் பக்கத்துல போல்ட் வராம போஸ்ட் இடத்த மாத்துங்க. டிரில் போட்டதும் ஓட்டைல இருக்குற தூச ஊதி எடுக்காம போல்ட்ட அடிச்சா பிடிமானம் வராது. டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசைய, அதாவது டார்க்க அளக்குற ஸ்பானர்) வச்சு முறுக்குறப்ப போல்ட் சுத்திக்கிட்டே இருக்கு, டார்க் ஏற மாட்டேங்குதுன்னா பிரச்சினை பெரும்பாலும் ஓட்டையிலயோ கான்கிரீட்டுலயோதான், அத அப்படியே விட்டுட்டு வேலைய ஆரம்பிச்சிடக் கூடாது.

சிமெட்ரிக்கா அசிமெட்ரிக்கான்னு ஒரு கேள்வி வரும். சிமெட்ரிக்ல நாலு ஆர்மும் ஏறக்குறைய ஒரே நீளம். அசிமெட்ரிக்ல முன்னாடி ஆர்ம் குட்டை, பின்னாடி நீளம், வண்டி கொஞ்சம் பின்னால தள்ளி நிக்கும், கதவு போஸ்ட்ல இடிக்காம தொறக்கலாம், காருக்கு சௌகரியம். நீள வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற தூரம்) வேன், பிக்கப் அதிகமா வருதுன்னா சிமெட்ரிக்தான் நல்லது. மேல பீம் வர்ற மாடல்னா கூரை உயரத்தோட, வேன் முழு உயரத்துக்கு ஏறுனா மேல இடிக்குமான்னும் அளந்துக்கோங்க.

இனி ஏத்துறது. அவசரத்துல பேட்ட கண்ணுக்குத் தெரியுற ஏதாவது ஒரு எடத்துல வச்சு பட்டன அழுத்துறதுதான் பெரிய ஆபத்து. கம்பெனி சொன்ன லிஃப்டிங் பாயிண்ட்லதான் வைக்கணும், தனி சேஸி ஃபிரேம் மேல பாடி உக்காந்த வண்டிக்கு பேட் எட்டலைன்னா லிஃப்டோட வர்ற எக்ஸ்டென்ஷன் அடாப்டர் போடணும், மரக்கட்டை வைக்கவே கூடாது, பிளந்தாலும் வழுக்கினாலும் வண்டி கீழதான். டயர் தரைய விட்டு ஒரு ஜான் எழும்புனதும் நிறுத்துங்க. நாலு பேட்டையும் குனிஞ்சு பாருங்க, சேஸி பேட்டுக்கு நடுவுல உக்காந்திருக்கா, ஓரத்துல தொத்திக்கிட்டு இருக்கா, ஆர்ம் திரும்பாம புடிக்கிற லாக்கோட பல்லு நாலுலயும் சரியா விழுந்திருக்கா. பம்பர புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டுங்க. சந்தேகமா இருந்தா இறக்கிட்டு திரும்ப வைங்க, அஞ்சு நிமிஷ வேலைதான்.

மேல போறப்ப ரெண்டு போஸ்ட்லயும் லிஃப்ட் கீழ இறங்காம தடுக்குற லாக் விழுற சத்தம் ஒன்னா கேக்கணும். ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்திக் கேட்டா ரெண்டு பக்கத்தையும் ஒரே உயரத்துல வச்சிருக்குற ஈக்வலைசர் கேபிள் தளந்திருக்கலாம், வேலைய நிறுத்திட்டு அத சரி பண்ணுங்க. வேண்டிய உயரம் வந்ததும் ரெண்டு பக்கமும் லாக் மேல உக்கார்ற மாதிரி இறக்கிட்டுத்தான் கீழ ஆள் போகணும். நெறைய எடத்துல இத விட்டுடுறாங்க, ஹைட்ராலிக்க, அதாவது ஆயில் அழுத்தத்த மட்டும் நம்பி வண்டி தொங்கும், ஹோஸோ சீலோ விட்டா கீழ நிக்கிறவன் நெலம என்ன?

எடை மாறும்ங்கறதையும் மறந்துடுறாங்க. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில்னு ஏதாவது ஒன்ன கழட்டுனதும் தராசுல ஒரு தட்டுல இருந்து கல்ல எடுத்த கதைதான், பிக்கப்போட பின் ஆக்சில் இறங்குனதும் வண்டி மூக்கு கீழ போகப் பாக்கும். கழட்டுறதுக்கு முன்னாடியே உயரமான சப்போர்ட் ஸ்டாண்ட வண்டியோட ரெண்டு பக்கமும் குடுங்க, கழட்டுனதுக்கு அப்புறம் இல்ல. எலக்ட்ரிக் வண்டில இது இன்னும் முக்கியம், பேட்டரி பேக்கே பல நூறு கிலோ, அது கீழ பரவி இருக்கறதால பேட் பேட்டரி மேல படாம அதுக்குன்னு குடுத்த பாயிண்ட்ல மட்டும்தான் வைக்கணும்.

இறக்குறப்ப முதல்ல கொஞ்சம் மேல தூக்கி, ரெண்டு லாக்கும் விடுபட்டுச்சான்னு பாத்துட்டு அப்புறம் இறக்குங்க. ஒரு பக்கம் மாட்டிக்கிட்டே இருந்தா இன்னொரு பக்கம் மட்டும் இறங்கி வண்டி சாயும். லாக் லீவர கம்பி போட்டு கட்டி வைக்கிற பழக்கம் எங்க இருந்தாலும் இன்னிக்கே அறுத்து எறிங்க.

வருஷம் ஒரு தடவையாவது விஷயம் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர கூப்பிட்டு கேபிள், புல்லி, வெல்டு, போல்ட் டார்க் எல்லாத்தையும் பாக்கச் சொல்லுங்க. பேட்டோட ரப்பர் தேஞ்சு இரும்பு தெரிஞ்சா அன்னிக்கே மாத்துங்க. ஆயில் லெவல லிஃப்ட் முழுசா கீழ இருக்கறப்பதான் பாக்கணும், மேல நிக்கிறப்ப பாத்து ஊத்துனா இறக்குறப்ப டேங்க் நெறஞ்சு வழியும்.