கியூபெக் பனித் திருவிழாவுக்குச் செல்லும் சேலம் மாணவருக்கு

ஏற்காட்டின் மார்கழிக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரை மட்டும் நம்பிக் கனடாவின் கியூபெக் நகருக்குப் பரிமாற்ற மாணவராகப் புறப்பட வேண்டாம். பிப்ரவரியில் அங்கே குளிர் மைனஸ் 20 டிகிரியையும் தொடும். வியர்வையில் நனைந்த பருத்தித் துணி உடலை மேலும் குளிரச் செய்யும் என்பதால், உடலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, வெளியே காற்றும் ஈரமும் புகாத கோட்டு என்று அணியுங்கள். (அம்மா திணிக்கும் பனியன்கள் அறைக்குள் உதவும்.) பனிமலைக்குப் போகும் நாளில் கருப்புக் கண்ணாடி கட்டாயம், புதுப்பனி புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும்.

1955 முதல் ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் திருவிழாவில், அதன் சின்னமான, சிவப்புத் தொப்பியணிந்த பனிமனிதரைப் பார்த்த கையோடு மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிய பாகு விற்குமிடத்தைத் தேடுங்கள். சூடான பாகைப் பனியின்மேல் நீளமாக ஊற்றுவார்கள்; சில நொடிகள் பொறுத்து, அது இறுகத் தொடங்கியதும் ஓரத்தில் குச்சியை வைத்து மெதுவாக உருட்டுங்கள். அதிரசப் பாகு தண்ணீரில் உருண்டு வருமே, ஏறக்குறைய அந்தப் பதம்தான். கையுறையைக் கழற்றாமல் உருட்டுவதுதான் சிரமம்.