துறைமுகம் இல்லாத நியுவேக்குப் பாய்மரப் படகில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தென் பசிபிக்கைப் பாய்மரப் படகில் கடக்கிறவர்களில் நிறையப் பேர் நியுவே என்ற சின்னத் தீவு நாட்டை ஒரு தங்கல் இடமாக மட்டுமே கணக்கில் வைத்திருக்கிறார்கள். குக் தீவுகளின் ரரோடோங்காவிலிருந்து மேற்கே சுமார் 580 கடல் மைல் வந்தால் நியுவே, அங்கிருந்து டோங்காவின் வவாவுக்கு இன்னும் 230. நடுவில் இரண்டு நாள் நிறுத்தி, நன்றாகத் தூங்கி, காய்கறி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். முதல் தவறே இந்த நினைப்புதான். ஏனென்றால் அந்த நாட்டில் துறைமுகம் கிடையாது, கரையோடு கட்டிப்போட இடம் கிடையாது, நங்கூரம் போட்டு நிம்மதியாகத் தூங்க ஒரு விரிகுடாகூடக் கிடையாது. நண்பர் ஒருவரின் 38 அடிப் படகில் உதவியாளாகப் போய் அங்கே இருந்த நாட்களில், கடலில் நல்ல அனுபவம் உள்ளவர்களும் இதைக் கரைக்கு வந்த பிறகுதான் புரிந்துகொள்வதைப் பார்த்தேன்.

ஒரு படம் மனதில் இருந்தால் மற்றதெல்லாம் புரியும். நியுவே என்பது ஆழ்கடலிலிருந்து நேராக மேலெழும்பிய ஒரு பவளப் பாறை. கடலுக்குள் இருந்த பவளத் திட்டு, நிலம் உயர உயர மேலே வந்து, இப்போது சுமார் 60 மீட்டர் உயரத்தில் ஒரு மேசை மாதிரி நிற்கிறது. பரப்பளவு சுமார் 260 சதுர கிலோமீட்டர், ஆட்கள் சுமார் 1,700 பேர், 14 கிராமங்கள். ஆறு இல்லை, ஓடை இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும். மண் கரைந்து கடலுக்கு வராததால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. படகைக் கட்டும் மிதவையைப் பிடித்து வைத்தபடி 30 மீட்டருக்குக் கீழே கிடக்கும் கான்கிரீட் கட்டியைப் படகின் மேல்தளத்தில் நின்றபடியே பார்க்கலாம். தீவு ஆழ்கடலிலிருந்து நேராக எழுந்ததால் கரையை ஒட்டியே ஆழம் தொடங்கிவிடும்.

அதனால் அங்கே நங்கூரம் போடப் பார்ப்பது பெரிய தவறு. ஆழம் அதிகம், அடியில் பவளமும் வெடிப்புகளும் குகைகளும். சங்கிலி எங்காவது போய் மாட்டிக்கொண்டால் எடுக்க முடியாது. எடுக்க முடிந்தாலும் பவளத்தை உடைத்துக்கொண்டுதான் வரும். தலைநகர் அலோஃபிக்கு முன்னால், வரும் படகுகளைக் கட்ட மிதவைகள் போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கவனிப்பவர்களுக்கு முன்கூட்டியே எழுதி, இடம் உண்டா, நம் படகின் எடையை மிதவை தாங்குமா என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். புயல் மாதங்களில், அதாவது நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அந்த மிதவைகளை நம்பி வரவே கூடாது. மிதவையைப் பிடித்ததும் ஒரே கயிற்றைக் கட்டிவிட்டு உள்ளே போய்ப் படுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கயிறு, தனித்தனியாக, முன்பக்கத்தின் இரண்டு பக்கமும். அப்புறம் முகமூடி போட்டுக் கடலில் இறங்கி, கட்டு எங்கே உரசுகிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள். தண்ணீர் தெளிவாக இருப்பதால் பத்து நிமிட வேலை.

இருட்டில் வந்து சேராதீர்கள். கரையை ஒட்டி விடியற்காலையில் உள்ளூர்க்காரர்கள் வாகா எனப்படும் ஒற்றைப் பக்கத் துணைமரம் வைத்த சின்ன வள்ளங்களில் மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ராடாரில் அது தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரவு எட்டிவிட்டால் வெளியே பாய் சுருக்கிக் காத்திருந்து, வெளிச்சம் வந்ததும் வானொலியில் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிட்டு உள்ளே வாருங்கள்.

இனி காற்று. நியுவே பயணம் நல்லபடியாக முடிவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இதில்தான். வழக்கமாகத் தென்கிழக்கிலிருந்து காற்று வீசும்; அலோஃபி மேற்குக் கரையில் இருப்பதால் தீவே நமக்கு மறைப்பு. அலை லேசாகத் தாலாட்டும். ஆனால் சில நாளைக்கு ஒருமுறை தெற்கே காற்றழுத்தத் தாழ்வு ஒன்று நகர்ந்து போகும்போது காற்று வடக்கே திரும்பி, வடமேற்காகி, மேற்காகும். நம் ஊர்க் கடற்கரையில் மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்போமே, அந்தத் திசை. அப்போது மறைப்பாக இருந்த அதே பாறைக் கரை நம் படகுக்குப் பின்னால், மிக அருகில், அலை உடைந்து வெடிக்கிற சுவராக மாறிவிடும். கயிறு அறுந்தால் இன்ஜினைக் கிளப்பும் நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். ஒதுங்க வேறு விரிகுடா இல்லை. செய்யக்கூடியது ஒன்றுதான்: முன்கூட்டியே கடலுக்குள் போய்விடுவது.

நாங்கள் ஐந்து நாள் இருப்பதாகத் திட்டம். மூன்றாம் நாள் மாலை வானிலைக் கோப்பில், மறுநாள் மதியத்துக்குமேல் காற்று வடக்கே திரும்பும் என்று வந்தது. அன்று இரவு கரையில் ஒரு குடும்பம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தது, போனோம். ஆனால் நண்பர் ஒன்பது மணிக்கெல்லாம் விருந்திலிருந்து எழுந்துவிட்டார். கரைக்குப் போய்வரும் சின்னப் படகைத் தளத்தில் ஏற்றி இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் தூங்கினோம். மறுநாள் காலையில் காற்று செத்துப்போனது, கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி இருந்தது, பக்கத்துப் படகுக்காரர்கள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு தீவைச் சுற்றப் போய்விட்டார்கள். நாங்கள் பத்து மணிக்கு மிதவையை விட்டோம். தீவின் கிழக்கே சுற்றிப் போய் பாயைச் சுருக்கி இரண்டு இரவு சும்மா மிதந்துகொண்டிருந்தோம். அலுப்பாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது தெரிந்தது: மதியம் மூன்று மணிக்கு அலை ஏறியதும் அந்தப் பக்கத்துப் படகுக்காரர்களால் கரையிலிருந்து படகுக்குத் திரும்பவே முடியவில்லையாம், இருட்டும் வரை மேட்டில் நின்று தங்கள் வீடான படகு குதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மிதவை பிடித்து நின்றது. ஒவ்வொரு முறையும் அப்படி நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வானிலையில் சிறு சந்தேகம் இருந்தாலும் படகில் ஓட்டத் தெரிந்த ஒருவர் இல்லாமல் எல்லோரும் கரையேறாதீர்கள். இரண்டு நாள் மட்டும் ஒதுக்கி வருவதும் இதனால்தான் சரிவராது. ஒரு வாரமாவது வையுங்கள், அதில் இரண்டு நாள் கடலில் கழியலாம் என்றே வையுங்கள்.

மேற்கிலிருந்து வரும் கடல் என்ன செய்யும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. 2004 ஜனவரியில் ஹெட்டா புயல் வந்தபோது அலைகள் அலோஃபியின் செங்குத்துப் பாறைக் கரையையும் தாண்டி ஊருக்குள் அடித்தன. மருத்துவமனை போனது, அருங்காட்சியகமும் அதிலிருந்த பழம்பொருட்களில் பெரும்பகுதியும் போயின.

அடுத்தது கரையேறுவது. மணல் கரை இல்லாததால் சின்னப் படகை இழுத்துப் போட இடமில்லை; துறையோடு கட்டி வைத்தால் அலை அதை அடித்து நொறுக்கிவிடும். அதனால் துறைமேடையில் ஒரு மின்சாரக் கிரேன் இருக்கிறது, சின்னப் படகை நாமேதான் அதில் மாட்டி மேலே தூக்க வேண்டும். இதற்கு முன்கூட்டியே தயாராகாமல் வருவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று இடத்தில் பிடித்து நடுவில் ஒரே வளையத்தில் சேரும் தூக்குக் கயிறு வேண்டும். இன்ஜின் பின்பக்கம் கனமாக இருப்பதால் அந்த வளையம் நடுவுக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். இதை நியுவேயில் வந்து முடிச்சுப் போட்டுப் பார்க்காதீர்கள், கிளம்பும் ஊரிலேயே பாய் தூக்கும் கயிற்றில் மாட்டி ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

துறையில் நடப்பது இப்படித்தான். படிக்கட்டை நெருங்கும்போது அலை சின்னப் படகை ஒரு மீட்டர் தூக்கி ஒரு மீட்டர் இறக்கும். ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி, அலை உச்சிக்கு வரும் நொடியில் படியில் கால் வைத்து ஏற வேண்டும்; இறங்கும்போது குதித்தால் பாசிப் படி வழுக்கும், காலுக்கும் சுவருக்கும் நடுவே படகு வந்துவிடும். மேலே போனவர் கொக்கியை இறக்க, படகில் இருப்பவர் அதை வளையத்தில் மாட்டிவிட்டு உடனே ஏறிவிட வேண்டும். ஆள் உட்கார்ந்திருக்கும்போது தூக்காதீர்கள், கொக்கி மாட்டுகிற கையில் மோதிரம் வேண்டாம். படகு மேலே வந்ததும் கிரேனைச் சுழற்றிச் சக்கர வண்டியில் இறக்கி, தள்ளிக்கொண்டு போய் ஓரமாக விட வேண்டும், ஏனென்றால் பின்னால் இன்னொரு படகும் மீன்பிடித்துத் திரும்பும் உள்ளூர்க்காரரும் காத்திருப்பார்கள். கிரேனுக்கு அடியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு ஊர் சுற்றப் போவது அங்கே மிகவும் கெட்ட பழக்கமாகப் பார்க்கப்படும்.

ஊருக்குள் வந்தபின் செய்யும் தவறுகள் வேறு வகை. சாலையோரத்தில் நிறைய வீடுகள் கூரையில்லாமல், கதவில்லாமல், கொடி படர்ந்து கிடக்கும். யாருக்கும் சொந்தமில்லாதவை என்று எண்ணி உள்ளே நுழைந்து படம் எடுக்கிறார்கள். அவை ஒவ்வொன்றுக்கும் குடும்பம் உண்டு. 1974 முதல் நியுவே தன்னாட்சி நாடு என்றாலும் மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமை உள்ளவர்கள். 2018 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்ட நியுவேக்காரர்கள் இருந்தார்கள். போனவர்களின் வீடுகள்தான் அவை. வாசலை ஒட்டியே தாத்தா பாட்டியின் கல்லறையும் இருக்கும், ஏனென்றால் இறந்தவர்களைக் குடும்ப நிலத்திலேயே சாலையைப் பார்க்கப் புதைப்பது அங்கே வழக்கம். தென்னையும் பப்பாளியும்கூட அப்படித்தான், கேட்காமல் பறிக்காதீர்கள். உகா என்கிற தென்னை நண்டைப் பிடிக்க நாமாகக் காட்டுக்குள் இறங்குவதும் வேண்டாம், அந்தக் காட்டுக்கும் உரிமையாளர் உண்டு. ஆசை இருந்தால் ஊர்க்காரர் ஒருவரோடு போங்கள்.

ஃபோனோ என்று ஒரு சொல் காதில் விழும். கிராமம் ஒரு கரையையோ பாறைப் பள்ளத்தையோ சிலகாலம் மூடி வைப்பது அது. மீன் குஞ்சு பெருகும் காலமாக இருக்கலாம், ஊரில் யாராவது இறந்திருக்கலாம். பலகையோ மட்டையோ குறுக்கே இருந்தால் திரும்பிவிடுங்கள். காரணம் கேட்டுத்தான் மதிக்க வேண்டும் என்றில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப்பதும் படகு ஓட்டுவதும் கிடையாது. படகில் உட்கார்ந்து நாளை ஓட்டுவதைவிட, சனிக்கிழமையே ஒழுங்கான உடை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போய்வாருங்கள், பாட்டுக்காகவே போகலாம். இன்னொன்று, 1774-இல் கேப்டன் குக் கரையிறங்க வந்தபோது ஊர்க்காரர்கள் விரட்டிவிட்டதால் அவர் இந்தத் தீவுக்குக் காட்டுமிராண்டித் தீவு என்று பேர் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பேரை விளையாட்டாகக்கூட அங்கே சொல்லாதீர்கள். ஃபகாலோஃபா லாஹி அட்டு என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு போங்கள், எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் கையசையுங்கள், அவர்களும் அசைப்பார்கள்.

டோகோ பள்ளத்துக்குச் செருப்போடு போகாதீர்கள். காட்டைத் தாண்டியதும் கத்தி முனை மாதிரிச் சுண்ணாம்புக் கூர்கள், அதற்குப் பிறகு ஓர் ஏணி, கீழே மணலும் தென்னைகளும். அவைகி குகையும் லிமு குளங்களும் கடல் வற்றும் நேரத்தில்தான் நன்றாக இருக்கும், நேரம் பார்த்துப் போங்கள். நீந்தும்போது கடற்பாம்பு பக்கத்தில் வந்து பார்க்கும். விஷம் உண்டு, ஆனால் தொந்தரவு செய்யாதவரை தன் பாட்டுக்குப் போய்விடும், தொடாதீர்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கலங்கள் மிதவைகளுக்கு நடுவே வரும். ஆர்வத்தில் சின்னப் படகில் துரத்துவதும், பார்த்ததும் தண்ணீரில் குதிப்பதும் வேண்டாம். உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போக வழி இருக்கிறது. இரவில் படுத்துக்கொண்டு படகின் சுவரில் காது வைத்தாலே போதும், கன்று பக்கத்தில் இருக்கும் தாயின் மூச்சும், தூரத்து ஆணின் பாட்டும் கேட்கும். அது கேட்ட இரவை நான் மறக்க மாட்டேன்.

சாமான் ஏற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையோடு காலியாக வராதீர்கள். அந்த ஊருக்கே சரக்குக் கப்பல் மாதம் ஒருமுறை அளவில்தான் வருகிறது, கடையில் இருப்பது அவர்களுக்கும் சேர்த்துத்தான். சந்தையில் சேம்பு, பப்பாளி, வாழை கிடைக்கும், விடிவதற்குள் போக வேண்டும். நியூசிலாந்து டாலரைக் கையில் வைத்திருங்கள். நம் குப்பையை அந்தச் சின்னத் தீவில் இறக்காமல் அடுத்த பெரிய ஊர்வரை வைத்துக்கொள்ளுங்கள். நியுவேயின் தேனீக்கள் நோயில்லாதவை, அதனால் படகில் தேன் பாட்டில் இருந்தால் சோதனையின்போது மறைக்காமல் காட்டிவிடுங்கள்.

கடைசியாகக் கிளம்பும் நாள். நியுவேயிலும் டோங்காவிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும், தேதி மட்டும் ஒரு நாள் வித்தியாசம். நடுவில் தேதிக்கோடு இருக்கிறது. புதன்கிழமை காலை கிளம்பி இரண்டு நாளில் சேர்ந்தால் நம் கணக்கில் வெள்ளி, அங்கே சனி. அலுவலர்கள் வரும்வரை, இன்னும் அனுமதி பெறவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியோடு படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், மறுநாள் ஞாயிறு என்றால் டோங்காவில் எல்லாமே மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை பயணம் தொடங்கக் கூடாது என்று மேலைநாட்டு மாலுமிகளிடம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு, இந்த ஒரு வழித்தடத்தில் அதை விட்டுவிடுங்கள். காற்று சரியாக இருந்தால் வியாழனன்றே காகித வேலையைப் பேசி வைத்து, வெள்ளி காலை முத்திரை வாங்கி, சின்னப் படகைக் கடைசி முறையாகக் கிரேனில் இறக்கிக்கொண்டு கிளம்புங்கள். மூன்றாம் நாள் காலை வவாவுக்குள் நுழையும்போது அங்கே திங்கட்கிழமை, அலுவலகம் திறந்திருக்கும்.