உறைந்த எலியை ஐஸ் விடவைத்துப் பாம்புக்குக் கொடுப்பது எப்படி?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் கார்ன் ஸ்னேக்கும் (corn snake) பால் பைத்தானும் (ball python, ஒரு வகை மலைப்பாம்பு) உண்டு. இவற்றுக்கான எலிகள் உறையவைத்த பாக்கெட்டுகளாகவே கிடைக்கின்றன. உயிருள்ள எலியைக் கூண்டுக்குள் விட்டால் அது பாம்பைக் கடித்துக் குதறக்கூடும் என்பதால் உறைந்த எலிதான் பாதுகாப்பானது. புதிதாக வளர்ப்பவர்கள் தடுமாறுவது ஃப்ரீசருக்கும் பாம்பின் வாய்க்கும் இடைப்பட்ட நேரத்தில்தான்.

அங்கே ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஐஸ் விடவைப்பது, அதாவது உறைந்ததை இளகவைப்பது ஒரு வேலை, சூடாக்குவது இன்னொரு வேலை. முதலாவது மெதுவாக, குளிரிலேயே நடக்க வேண்டும். இரண்டாவது கடைசி நேரத்தில், சீக்கிரமாக. இரண்டையும் ஒன்றாக முடிக்க நினைத்து வெந்நீரில் போட்டால், மேலே வெந்து நடுவில் கட்டியாக இருக்கும் எலிதான் மிஞ்சும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாரை, நாகம், மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்த விளக்கம் அவற்றுக்கானதல்ல.

தொடங்கும் முன்

ஜிப் பைகள், மூடி போட்ட ஒரு டப்பா, வெந்நீர் ஊற்ற ஒரு பாத்திரம், நீளமான இடுக்கி, கையுறை, பேப்பர் டவல். தொடாமலே வெப்பம் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. இவை எல்லாம் பாம்புக்கென்றே தனியாக இருக்கட்டும். சமையல் பாத்திரம் எதையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

இதில் நான் கண்டிப்பாக இருக்கக் காரணம், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் சால்மோனெல்லா. உறையவைத்தால் அந்தக் கிருமி செத்துவிடாது, பெருகாமல் இருக்கும், அவ்வளவுதான். 2014இல் அமெரிக்காவில் பல மாநிலங்களில் மக்கள் நோயுற்றபோது, அதற்கும் உறைந்த எலிகளுக்கும் இருந்த தொடர்பை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. எலி பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கிருமி இருப்பதாகவே நினைத்துக் கையாளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

எலியின் அளவு பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் தடிமனை ஒட்டி இருக்க வேண்டும். ரோமம் முளைக்காத பிங்கி, இலேசாக ரோமம் வந்த ஃபஸ்ஸி, துள்ளும் பருவத்து ஹாப்பர் என்றெல்லாம் பாக்கெட்டில் போட்டிருக்கும். குட்டிக் கார்ன் ஸ்னேக்குக்குப் பிங்கியில் ஆரம்பிக்கலாம்.

முந்தைய நாள் இரவு: ஃப்ரிட்ஜ்

வேண்டிய எலியை மட்டும் எடுத்து ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். பையை டப்பாவுக்குள் வைத்து, அதை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். ஏதாவது கசிந்தாலும் வேறு உணவின் மேல் சொட்டாது. தனியாகச் சின்ன ஃப்ரிட்ஜ் வைத்துக்கொள்ள வசதி இருந்தால் அதுவே சிறந்தது. பிங்கிக்குச் சில மணி நேரம் போதும். வளர்ந்த சுண்டெலிக்கு ஓர் இரவு வேண்டும். பெரிய எலி ஒரு முழு நாள்கூட எடுக்கும்.

மேசைமேல் வைத்தால் சீக்கிரம் ஆகுமே என்று தோன்றும். 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். எலியின் நடுப்பகுதி இளகுவதற்குள் தோலும் வயிறும் நெடுநேரம் அந்த வெப்பத்திலேயே கிடக்கும். குடலோடு உள்ள முழு உடல் என்பதால் முதலில் கெடுவது வயிறுதான். அப்படிக் கெட்டதையோ, நடுவில் ஐஸ் இருப்பதையோ விழுங்கினால் பாம்பு கக்கிவிடலாம். கக்குவது பாம்புக்குச் சாதாரண விஷயமல்ல. இரைப்பை அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். இரண்டு வாரமாவது பட்டினி போட்டு, அப்புறம் சின்ன இரையாகத் தொடங்க வேண்டியிருக்கும். திரும்பவும் கக்கினால் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஓரிடம் வேகும், ஓரிடம் அப்படியே உறைந்திருக்கும், வயிறு வெடிக்கும். நீங்கள் சாப்பாடு சூடுபண்ணும் அடுப்பிலும் கிருமி ஒட்டும்.

மறுநாள்: சூடாக்குவது

கையுறை போட்டுக்கொண்டு, பைக்கு வெளியிலிருந்தே வயிற்றை மெதுவாக அழுத்திப் பாருங்கள். முழுக்க மெத்தென்று இருக்க வேண்டும், கால்கள் மடங்க வேண்டும். உள்ளே கட்டி தட்டுப்பட்டால் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் காத்திருங்கள்.

இளகிவிட்டதா? சரி, பையைத் திறக்காமலே 40 டிகிரி அளவுள்ள வெதுவெதுப்பான நீரில் மூழ்கவையுங்கள். சிறியதற்குச் சில நிமிடம், பெரியதற்குப் பதினைந்து இருபது நிமிடம். நீர் ஆறினால் மாற்றுங்கள். கொதிநீர் ஊற்றினால் தோல் வெந்து உரியும்.

பால் பைத்தானின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் உண்டு. குளிர்ந்த எலி அதற்கு இரையாகவே தெரியாமல் போகலாம். ஆகவே எலியின் உடல் 37, 38 டிகிரி காட்டும்போதே கொடுங்கள், தலைப்பக்கம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நல்லது. கார்ன் ஸ்னேக்குக்கு அந்தக் குழிகள் இல்லை. அது மணத்தையும் அசைவையும் நம்பி வருவதால், குளிர் போய் வெதுவெதுப்பானாலே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.

கொடுப்பது

பையிலிருந்து எடுத்து, ஈரம் இருந்தால் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு போட்டால் கூண்டுத் தரையில் உள்ள மரத்தூள் எல்லாம் ஒட்டி வாய்க்குள் போகும். எலியின் இடுப்பை இடுக்கியால் பிடித்து, தலை பாம்பை நோக்கி இருக்கும்படி இலேசாக ஆட்டுங்கள். கையால் நீட்டாதீர்கள். எலி வாசமும் விரல் சூடும் சேர்ந்தால் பாம்புக்கு விரலும் இரைதான். விழுங்கிய பிறகு இரண்டு நாள் அதைத் தூக்க வேண்டாம்.

எடுக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே மறுபடி மறுபடி ஆட்டித் தொந்தரவு செய்யாதீர்கள். உள்ளே வைத்துவிட்டு விளக்கை அணைத்து விலகி நில்லுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்திலும் தொடவில்லை என்றால் எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். திரும்ப ஃப்ரீசரில் வைப்பது கூடாது. காசு போகிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் கூண்டுச் சூட்டில் கிடந்த எலியில் எவ்வளவு கிருமி பெருகியிருக்கும் என்று சொல்ல முடியாது. நன்கு வளர்ந்த பால் பைத்தான்கள் வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது சகஜம். எடையைக் குறித்துவாருங்கள். எடை குறைந்துகொண்டே போனால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இடுக்கி, டப்பா, பாத்திரம் மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினியால் துடையுங்கள். அந்த நீர் சமையலறைத் தொட்டிக்குள் போகக்கூடாது. கையுறை போட்டிருந்தாலும் கைகளை இருபது விநாடி சோப்பால் தேய்த்துக் கழுவிய பிறகே வேறு எதையும் தொடுங்கள்.