கிருமியில் மருந்து எதிர்ப்பு மரபணு இல்லை என்றால் எதிர்ப்பே இல்லையா?

க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில், கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்பு தரும் எம்சிஆர் மரபணு இருக்கிறதா என்று பிசிஆரில் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) பார்க்கிறார்கள். இல்லை என்று வருகிறது. சரி, கொலிஸ்டின் கேட்கும் என்று முடிவு கட்டினால் அங்கேயே தவறு. எம்ஜிஆர்பி என்று 47 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட ஒரு குட்டிப் புரதம், சூழலை உணர்ந்து மரபணுக்களை இயக்கும் ஃபோபி–ஃபோக்யூ என்ற புரத இணையை அடக்கி வைத்திருக்கிறது. அதன் மரபணுவுக்குள் ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு வந்து உட்கார்ந்தால் போதும், கட்டுப்பாடு போய்விடும். வெளிச்சவ்விலுள்ள லிப்பிட் ஏ என்ற கொழுப்பு மூலக்கூறு மாறும், கொலிஸ்டின் ஒட்ட இடம் குறையும். வெளியிலிருந்து எந்த எதிர்ப்பு மரபணுவும் வரவேயில்லை. அதனால்தான் மருந்தைக் கிருமியோடு நேரடியாகச் சேர்த்து, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஈ.கோலையிலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. மார்ஆர் என்ற அடக்கும் புரதம் பழுதானால், அது அடக்கி வைத்திருந்த மார்ஏ என்ற இயக்கும் புரதம் பெருகும்; மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் கூடும், மருந்து நுழையும் துளைகள் குறையும். டெட்ராசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்சசினும் ஒரே நேரத்தில் பலம் இழக்கும். இந்த எதிர்ப்பு பெரும்பாலும் சிறிய அளவுதான். ஆனாலும் அலட்சியப்படுத்தக் கூடாது, அடுத்த பிறழ்வு அதன் மேல்தான் ஏறி நிற்கும்.

எதிர்ப்பு கூடினால் நோயுண்டாக்கும் வீரியமும் கூடும் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. சூடோமோனாஸ் பாக்டீரியாவில் மெக்ஸ்டி என்ற புரதம் முடுக்கிவிடும் பம்பு மருந்தை வெளியேற்றுகிறது. கூடவே கிருமிகள் தங்களுக்குள் பேசும் சமிக்ஞை குலைந்து, நச்சுப் பொருள்கள் குறைகின்றன. ஸ்டாஃபிலோகாக்கஸில் நச்சு உற்பத்தியை இயக்கும் ஏஜிஆர் அமைப்பு செயலிழந்தால் நச்சு குறையும், ஆனால் ரத்தத்தில் விடாமல் நீடிக்கும் தொற்றுகளில் அத்தகைய வகைகளே அடிக்கடி கிடைக்கின்றன. வீரியம் என்று ஒரே சொல்லில் அடக்குவதே சிக்கல்.

சோதனைக் குழாயை மட்டும் நம்புவது அடுத்த தவறு. சால்மோனெல்லாவில் ஃபோபியை நீக்கினாலும் சத்தான ஊடகத்தில் அது நன்றாகவே வளரும். எலிக்குள் போனால் கதை மாறும், நோயுண்டாக்கவே திணறும். ஃபோக்யூவைத் தூண்டும் குறைந்த மக்னீசியமும் அமிலத்தன்மையும் குழாயில் இல்லையே!

அப்புறம், ஃபோபி போல மற்ற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் ஒரு ஒழுங்குமுறைப் புரதத்தை நீக்கியதும் நூறு மரபணுக்களின் அளவு மாறினால், நூறையும் அதுவே நேரடியாக இயக்குகிறது என்று எழுதிவிடாதீர்கள். டிஎன்ஏவில் அது எங்கே ஒட்டுகிறது என்று காட்டும்வரை, பாதிக்கு மேல் மறைமுக விளைவாகவே இருக்கலாம்.